வெட்டின கண்

ராபின்சன் வெட்டும் ரப்பர் மரத்தில் காயம் பார்க்க முடியாது என்று குன்னத்துகால் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வெட்டுக்கத்தி பட்டையைத் தாண்டி ஒரு நூல் ஆழம் கூடுதலாக இறங்கினாலும் உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிடும். பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு ஆயுசுக்கும் அங்கே பட்டை நேராக வளராது. தினம் முன்னூறு மரம் வெட்டுகிறவனுக்கு எங்கேயாவது கை தவறத்தான் செய்யும். ராபின்சனுக்குத் தவறாது. அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு. உலகத்தில் அறுத்தும் கீறியும் செய்கிற எந்த வேலையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிற அளவுக்குக் கர்வம்.

அந்தக் கர்வம்தான் அவன் பிள்ளையின் ஒரு கண்ணைத் தின்றது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் என்ன ஆகுமோ என்று ஆவலோடு கேட்கிற கதை அல்ல இது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள் அனகா. நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்காக ராபின்சனும் ஷாலுவும் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஒரு துளி ரப்பர் பால் உள்ளே விழுந்து உறைந்தது மாதிரி என்று ராபின்சனுக்குத் தோன்றியது.

"இது திமிரமாக்கும்" என்றாள் நர்ஸ். கண்புரைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

"திமிரமா? அது கிழடு கட்டைகளுக்கு வாறதில்லியா?" என்றான் ராபின்சன்.

"பிறக்கும்போதே சில பிள்ளைங்களுக்கு இருக்கும். இதை வச்சுக்கிட்டு இருக்கப்பிடாது. நாளைக்கே திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க."

வீட்டுக்கு வந்ததும் ராபின்சனின் அக்கா ஓமனா மாரில் அடித்துக்கொண்டாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, அதே முற்றத்தின் மறுகரையில் ஒற்றை அறையில் இருப்பவள் அவள். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துத் தம்பியை வளர்த்தவள். அதனால் தம்பி வீட்டில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

"நான் அன்னைக்கே பறைஞ்சேன். கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள் சூரியகிரகணம், நெறைமாசக்காரி வெளிய எறங்காதேன்னு பறைஞ்சேன். இவ துணி எடுக்கணும்னு முற்றத்தில எறங்கினா. இப்பம் பிள்ளைக்க கண்ணில சூரியன் குத்தியிருக்கு."

"மழை வந்துட்டு மைனி. துணி நனையாதா?" என்றாள் ஷாலு.

"துணி நனைஞ்சா காயும். கண்ணு போனா வருமாடி?"

கண் போகவில்லை. சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றுதான் திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். ஐம்பத்து மூன்றாம் நாள், மார்ச் மாதம் பாதியில், ஆப்பரேஷன் நடந்தது. ராபின்சன் வராந்தாவில் நின்று, டாக்டரின் கை எப்படி இருக்கும், கத்தி எவ்வளவு ஆழம் இறங்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ராபின்சன் கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றான். மேலே வார்டில் லேகா சிஸ்டர் ஷாலுவைக் கட்டிலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நெய்யாற்றின்கரைக்காரி. பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினாள்.

"இது நல்லா கேட்டுக்கோ, ஷாலு. உள்ளே இருந்த புரையை எடுத்தாச்சு. வெளிச்சம் போக வழி ஆச்சு. அதுகொண்டு மட்டும் பார்வை வராது. பாக்கிறதுக்கு மூளை படிக்கணும். வலது கண்ணு ஒரு கேடும் இல்லாத கண்ணு. மூளை அதை வச்சே சுகமா காலத்தைத் தள்ளிடும், இடது பக்கம் திரும்பிக்கூட பாக்காது. அதனால பிள்ளை முழிச்சிருக்கதில பாதி நேரம் வலது கண்ணை ஒட்டி மூடணும். இடதுக்குக் கனத்த கண்ணாடி தருவோம். அதைப் போட்டு இடது கண்ணால பாக்க வைக்கணும்."

"பிள்ளை கரையாதா சிஸ்டர்?"

"கரையும். காது பொட்டுற மாதிரி அழும். அழுதா காரியம் சரியா நடக்குதுன்னு அர்த்தம். அழாம இருந்தாத்தான் பேடிக்கணும். முதல் ரெண்டு வருஷம்தான் முக்கியம், கேட்டோ. அதைப் போக்கினா பின்னே கிட்டாது."

ராபின்சன் மருந்துப் பையோடு மேலே வந்தபோது சிஸ்டர் எழுந்துவிட்டிருந்தாள். "நல்ல கண்ணை மூடணும். மறக்கருது" என்று அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் அவன் காதில் விழுந்தது. அவனும் தலையை ஆட்டினான்.

கண்ணாடி கைக்கு வந்த மூன்றாம் நாள் கொரோனாவுக்காக நாடே அடைத்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. பாறசாலைக்கு அப்பால் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சதாசிவன் முதலாளியின் தோட்டத்துக்குப் போக ராபின்சனுக்கு எந்த ரோடும் வேண்டாம். விடியும் முன்னே போய் வெட்டி, பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, முந்தின நாள் உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவான். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் ஆறிப்போய் மூடியிருக்கும்.

ஷாலு பிள்ளைக்கு முதன்முதலாகக் கண்ணை ஒட்டிய அன்று, அவன் ரோலர் கொட்டகையில் இருக்கும்போதே அழுகை கேட்டது. பசி அழுகை அல்ல, வயிற்றுவலி அழுகையும் அல்ல. பாலில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு ஓடினான்.

வாசலில் ஓமனா தலையில் கைவைத்து நின்றாள். உள்ளே ஷாலுவின் மடியில் பிள்ளை துள்ளிக்கொண்டிருந்தது. வலது கண்ணை மூடித் தோல் நிறத்தில் ஒரு ஒட்டு. மேலே எலாஸ்டிக் கட்டிய கனத்த கண்ணாடி. அதற்குள் இடது கண் மீன் கண் மாதிரி பெரிதாகத் தெரிந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது.

"எலே ராபி, பெத்த தாயாடா இவ? அரை மணிக்கூரா பிள்ளைய வச்சு வதைக்கா" என்றாள் ஓமனா.

"அழும்னு சிஸ்டர் சொன்னாங்க மைனி. அழுதா நல்லதாம்" என்றாள் ஷாலு. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ராபின்சன் குனிந்தான். பிள்ளையை வாங்கினான். கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒட்டை ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பி மெல்ல உரித்தான். பிள்ளையின் அழுகை நின்றது. வலது கண் திறந்து அவன் முகத்தைத் தேடியது, கண்டுபிடித்தது. பொக்கை வாயை விரித்துச் சிரித்தது. அனகா அவனைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். அதற்குப் பிறகு எந்த டாக்டர் வந்து என்ன சொன்னாலும் அவன் தலையில் ஏறியிருக்காது.

"நல்ல கண்ணை மூடணும்னாக்கும் சொன்னாங்க" என்றாள் ஷாலு.

"நல்ல கண்ணுன்னா எதுடி? நல்லாக்கின கண்ணு. சீக்கா இருந்ததை வெட்டி நல்லாக்கியாச்சு, இனி அதை மூடி வைன்னு சொல்லியிருக்காங்க. அவங்க மலையாளத்தில பறைஞ்சதை நீ தலைகீழா வாங்கிக்கிட்டு வந்து பிள்ளைய கொல்லுதே."

"இல்ல. வலதுன்னு சொன்னாங்க. மூளை படிக்கணும்னு..."

"மூளை! ஒரு மரத்தில ஒரு பக்கம் வெட்டுதேன். வெட்டி முடிச்சா அந்தப் பக்கத்தை என்ன செய்வோம்? பிளாஸ்டிக்கு ஒட்டி, மழைத்தண்ணி எறங்காம மூடி, வருஷக்கணக்கா ஓய்வில போடுவோம். அப்பந்தான் புதுப்பட்டை வரும். அதுவரைக்கும் பால் எடுக்கது வெட்டாத பக்கத்தில. வெட்டின பக்கத்தைத் திறந்து போட்டு, வெட்டாத பக்கத்தை எவனாவது மூடுவானா?"

"அது மரம். இது கண்ணு."

"ரெண்டும் உயிருள்ள சாதனந்தானே? ஓய்வில்லாம வெட்டினா பட்டை மரத்துப்போகும். பட்டைமரப்பு வந்தா பின்ன ஒரு சொட்டு பால் கிட்டாது. இதுக்கும் அப்பிடித்தான்."

ஷாலு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "அப்பம் இது என்னத்துக்கு? மூடி வைக்கப்போற கண்ணுக்குக் கண்ணாடி தருவாங்களா?"

அங்கே அவன் ஒரு நிமிஷம் தட்டுக்கெட்டான். சரியான கேள்வி அது. நியாயமான மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்திருப்பான். ராபின்சனும் நியாயமானவன்தான், ஆனால் அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூடாத நேரத்துக்கு" என்றான்.

சந்தேகம் என்று கொஞ்சம் மிச்சம் இருந்ததையும் சாயங்காலம் சதாசிவன் முதலாளி தீர்த்துவைத்தார். முந்தின வருஷம்தான் அவருக்குத் திமிரம் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. வேலிக்கு அப்புறம் நின்றபடி, "எனக்கு வெட்டின கண்ணைத்தானே மூடினாங்க" என்றார். "பஞ்சு வச்சு, மேலே ஒரு மூடி வச்சு. பிறகு ஒரு மாசம் கறுப்புக் கண்ணாடி. வெட்டாத கண்ணை என்னத்துக்கு மூடணும்? உனக்க பெண்டாட்டிக்கு வட்டாக்கும், தலை சரியில்ல."

அறுபத்தெட்டு வயசுக் கண் பார்க்கப் படித்து முடித்த கண். இரண்டு மாசக் கண் இனிமேல்தான் படிக்க வேண்டும். இந்த வித்தியாசம் அந்த வேலியின் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. ராபின்சன் தோட்டத்துக்குப் போனதும் கதவைச் சாத்தி, வலது கண்ணை ஒட்டி, அழுகிற பிள்ளையின் வாயை மார்போடு அணைத்துச் சத்தத்தை அமுக்கிப் பார்த்தாள். ஏழு நாள் நடந்தது. எட்டாம் நாள் ஓமனா கதவிடுக்கில் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்கே போய்ச் சொன்னாள். ராபின்சன் வந்தான். அவன் அதுவரை ஷாலுவை அடித்ததில்லை. அன்று அடித்தான். ரப்பர் பால் காய்ந்த கை அவள் கன்னத்தில் பட்டு, பால் பிசின் அவள் முடியில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அந்த முடியைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது மே மாதத்தில். நேரில் வர முடியாத பிள்ளைகளையெல்லாம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஷாலு கையை நீட்டினாள். ராபின்சன் போனைக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அனகாவுக்க அப்பாவா? நான் லேகா சிஸ்டர். நல்ல கண்ணை டெய்லி மூடுறது உண்டா?"

"உண்டு சிஸ்டர். ஒரு நாள் விடல்ல. நல்ல கண்ணு தன்னே."

"பிள்ளை ரொம்ப அழுறாளா?"

"இல்ல சிஸ்டர். முதல்ல ஒரு நாள் அழுதா. இப்பம் சத்தமே இல்ல. சிரிச்சுக்கிட்டு இருப்பா."

"அழவே இல்லையா?" என்று சிஸ்டர் இழுத்தாள். யாரோ பக்கத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். "பாக்கியந்தான்" என்றாள் சிஸ்டர். "சில பிள்ளைங்க சீக்கிரம் பழகிரும். விடாம செய்யணும், கேட்டோ."

"சிஸ்டர், வலது..." என்று ஷாலு குனிந்தாள். ராபின்சன் அதற்குள் அணைத்துவிட்டான்.

"கேட்டியா?" என்றான். "நல்ல கண்ணுன்னு அவங்க வாயாலயே கேட்டியா?"

அன்று முதல் ஷாலுவுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போயிற்று. வலது என்றா சொன்னாள், இடது என்றா? எனக்கு எதிரே நின்றல்லவா கையைக் காட்டினாள்? அது அவளுடைய வலதா, பிள்ளையின் வலதா? அடியை அவள் தாங்கியிருப்பாள். இந்தக் குழப்பம்தான் அவளைச் சாய்த்தது.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்குமுன் ராபின்சன் முன்னூறு மரத்துக்கும் பிளாஸ்டிக் பாவாடை கட்டினான். தாரைக் காய்ச்சி, வெட்டுக்கு மேலே பூசி, மடிப்பு மடிப்பாக ஒட்டி, விரலால் ஓரம் முழுக்க அமர்த்தி விடுவான். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. அதே விரல்கள் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் ரப்பர் நாற்றம் போகாமல், அனகாவின் இடது கண்மேல் ஒட்டை வைத்து ஓரமெல்லாம் அமர்த்திவிடும். காற்றுக்கூடப் போகாது. பேனாவால் அதன்மேல் ஒரு பூ வரைவான். பிள்ளை அதைத் தடவிப் பார்த்துச் சிரிக்கும்.

மூன்று வருஷம், ஞாயிறு கிறிஸ்மஸ் என்று ஒரு நாள் விடாமல் அதைச் செய்தான். காய்ச்சல் நாளிலும் செய்தான். பெருங்கடவிளையில் ஒட்டு கிடைக்காமல் நெய்யாற்றின்கரை வரை மழையில் பைக்கில் போய் வாங்கி வந்திருக்கிறான். அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சர்ச்சில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு கண்ணை இவ்வளவு அக்கறையாக, இவ்வளவு பாசமாகக் குருடாக்கியவன் அந்தப் பஞ்சாயத்தில் வேறு யாரும் இல்லை.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வலது கண் நன்றாக இருந்ததால் பிள்ளை ஓடியது, எறும்பைப் பொறுக்கியது, தூரத்தில் வரும் அப்பனின் பைக்கைக் கண்டு கைதட்டியது. இடது கண் மட்டும் மெல்ல மெல்ல மூக்குப் பக்கம் சாய்ந்தது.

"கோங்கண்ணு ஐசுவரியமாக்கும்" என்றாள் ஓமனா.

"ஒரு தடவை ஆசுபத்திரியில காட்டிட்டு வருவமே" என்று ஷாலு எப்போதாவது கேட்பாள். ராபின்சன் சொன்ன சாக்கு முதலில் நோய் பயம், பிறகு மழை, பிறகு வெட்டு முடங்கும் என்பது. கடைசியில், "நல்லா இருக்க பிள்ளைய என்னத்துக்கு ஆசுபத்திரிக்கு இழுக்கணும்?" என்பது. அவளும் விட்டுவிட்டாள்.

அனகாவை அங்கன்வாடியில் சேர்த்த மாதத்தில் கண் பரிசோதனைக்கு ஆள் வந்தார்கள். அப்பா அம்மாவும் வர வேண்டும் என்று நந்தனா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்த பெண் ஒரு கறுப்புக் கரண்டியால் அனகாவின் இடது கண்ணை மறைத்தாள். பிள்ளை தரையில் கிடந்த தீக்குச்சியை எடுத்துக் கொடுத்தது. கரண்டியை வலது கண்ணுக்கு மாற்றினாள். பிள்ளை கரண்டியைத் தட்டிவிட்டது. மறுபடி மறைத்தாள். அனகா அலறினாள்.

ராபின்சனுக்கு அந்த அலறல் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ரோலர் கொட்டகையில், பாலில் கை வைத்தபடி கேட்ட அதே அழுகை. திரும்பி ஷாலுவைப் பார்த்தான். அவள் முன்பே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை பயந்துட்டு" என்றான் டீச்சரிடம்.

திருவனந்தபுரத்தில் அதே டாக்டர்தான் இருந்தார், முடி கொஞ்சம் நரைத்திருந்தது. சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். பக்கத்தில் லேகா சிஸ்டர் பழைய கடுதாசிக் கட்டோடு நின்றாள்.

"ஆப்பரேஷன் அருமையா இருக்கு" என்றார் டாக்டர். "உள்ளே சுத்தமா இருக்கு. ஒரு காயம்கூட இல்ல. ஆனா பார்வை இல்ல. வெளிச்சம் தெரியும். முன்னால ஏதாவது ஆடினா, என்னமோ ஆடுதுன்னு தெரியும். அவ்வளவுதான். நீங்க கண்ணை மூடவே இல்லையா?"

"மூடினோம் சார்" என்றான் ராபின்சன். "ஒரு நாள் விடல்ல. வெட்டின கண்ணை தினமும் ஆறு மணிக்கூர்..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் கண்ணை?"

 ராபின்சன் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அனகாவின் இடது கண்ணைச் சுற்றி, மூன்று வருஷமாக வெயில் படாத தோல் ஒட்டின் அளவுக்கு வெளுத்துக் கிடந்தது.

"கொஞ்சமாவது பார்வை வரவேண்டிய கண்ணு. அதைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். குரல் உயர்ந்துவிட்டது. "வேலை செய்யாத கண்ணு மரத்துப்போகும்னு சொல்லித் தரலையா? யாரு இதைச் செஞ்சது? வீட்டில பிள்ளையைப் பாத்துக்கிறது யாரு?"

ராபின்சன் நினைத்துச் செய்தானா நினைக்காமல் செய்தானா என்பது அவனுக்கே தெரியாது. கை தானாக எழுந்து ஷாலுவைக் காட்டியது.

"இவதான் சார்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஷாலு" என்றாள் லேகா சிஸ்டர். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வலது கண்ணுன்னு சொன்னேனே. அழும்னு சொன்னேனே."

ஷாலு ராபின்சனைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்தான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து.

"சொன்னீங்க சிஸ்டர்" என்றாள் ஷாலு. "எனக்கு ஓர்மை உண்டு."

 டாக்டர் அவளைக் கால் மணி நேரம் திட்டினார். படிக்காத பெண் என்றார், பிள்ளையின் வாழ்க்கை என்றார். எல்லாவற்றையும் நின்று கேட்டாள். ராபின்சன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். தூங்காத பிள்ளையைத் தட்டினான்.

"இனி மூடினா கிட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

"வலதை மூடிப் பாருங்க. முயற்சி செய்யலாம். கிட்டும்னு நான் சொல்லமாட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ராபின்சனுக்கு டாக்டர் சொன்ன ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. மரத்துப்போகும். மரம் வெட்ட வெட்ட மரத்துப்போகும், கண் வேலையில்லாமல் மூடிப் போட்டால் மரத்துப்போகும். இதை யாராவது அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே என்று நினைத்தான். யாராவது என்றால், ஷாலு. இவள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. பாலராமபுரம் தாண்டுவதற்குள் அவன் மனசில் பாதிக் குற்றம் அவள் பக்கம் மாறியிருந்தது.

மீதிப் பாதியை ஓமனா மாற்றிக்கொடுத்தாள். தினமும் ஒட்டியது தம்பிதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அவன் ஆம்பிளை. மரம் வெட்டுறவன். அவனுக்கு என்ன அறியும்?" என்றாள் முற்றத்தில் நின்று, அக்கம்பக்கமெல்லாம் கேட்க. "ஆசுபத்திரியில காது கொடுத்துக் கேட்டவ நீயில்லியா? அடிச்சான்னா நீ விட்டிருவியா? அடிச்சாலும் கொன்னாலும் பெத்தவ விடுவாளாடி? ஒரு அடிக்குப் பேடிச்சு பிள்ளைக்க கண்ணைக் குடுத்திட்டியே, சவமே."

அன்று கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டவள்தான் இதைச் சொன்னாள். ராபின்சன் உள்ளே உட்கார்ந்து மரச்சீனியைப் பிசைந்துகொண்டிருந்தான். வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை பிசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் வெட்டு முடிந்து பதினொரு மணிக்கு வந்தான். முந்தின நாள் அடித்த ஷீட்டுகள் முற்றத்து அசைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. கை கழுவுகிற சத்தம் கேட்டதும் அனகா ஓடி வந்தாள். கையில் ஒட்டுப் பெட்டி, பேனா. அவன் முன்னால் நின்று, பழக்கப்படி இடது கன்னத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, ஒட்டு. பூ வரை."

ராபின்சன் அவளைத் தரையில் உட்காரவைத்து, முன்னால் குந்திக் கண்ணாடியை மாட்டினான். அளவு சின்னதாகிப்போன பழைய கண்ணாடி. ஒட்டை உரித்து வலது கண்ணில் வைத்து ஓரமெல்லாம் அமர்த்தினான்.

"இது இல்ல அப்பா. இந்தக் கண்ணு. இந்தக் கண்ணு."

அவன் அமர்த்திக்கொண்டே இருந்தான். பிள்ளை அலறிக்கொண்டு ஒட்டைப் பிய்க்கப் போனது. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் கைக்குள் அந்தக் கைகள் துடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தன. ஓமனா வாசலுக்கு வந்து நின்றாள். ஷாலு அடுக்களைப் படியில் உட்கார்ந்து சாளை அறுத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அவன் கையை விட்டு எழுந்து, இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தான்.

அனகா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"அப்பா எங்க? அப்பா, எங்க போனே?"

அவன் அவளுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றான்.  காற்று வீசி, அசையில் ஒரு ஷீட் ஆடியது. அனகா அந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவனைத் தாண்டி, முற்றத்தில் தடுமாறி நடந்து, ஈரமான ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதில் வைத்தாள். அதில் அவன் நாற்றம் இருந்தது.

"அப்பா" என்றாள்.

ஷாலு அறுத்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"அது ஷீட்டு மக்கா" என்றாள். "அப்பா உனக்க பின்னாலதான் நிக்காரு. வாயைத் திறக்கச் சொல்லு. நேத்து மாமி முன்னால திறக்கல்ல, ஆசுபத்திரியில திறந்து என்னைக் காட்டினாரு. இப்பம் திறந்தாருன்னா எங்க நிக்காருன்னு உனக்குத் தெரியும்."

ஓமனா தம்பியைப் பார்த்தாள். ராபின்சன் வாயைத் திறக்கவில்லை. அனகா ஷீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எடுத்துவிடு அப்பா, இதை எடுத்துவிடு" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.